மனுவிலிருந்து கல்லுக்கு: பிரிட்டனில் பெண் வாக்குரிமைப் போராட்ட முறைகளின் வளர்ச்சி, 1866–1914

முன்னுரை

வாக்குரிமை கேட்டுப் பிரிட்டிஷ் பெண்கள் நாடாளுமன்றத்திடம் முதல் பெருமனுவை அளித்த ஆண்டு 1866. பிரதமர் இல்லத்தின் ஜன்னலில் முதல் கல் விழுந்தது 1908இல். இடையில் 42 ஆண்டுகள். பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு இந்த நீண்ட காலத்தை ஒரு பத்தியில் கடந்துவிட்டு, கண்ணாடி உடைந்த கடைசி ஆறாண்டுகளில் போய் நிற்கிறது. அதனால் கல்லெறிந்தவர்கள் பொறுமை இழந்தவர்களாக, சில வேளைகளில் மனநிலை பிறழ்ந்தவர்களாகவே தெரிகிறார்கள். 1935இல் வெளிவந்து பெருஞ்செல்வாக்குப் பெற்ற ஜார்ஜ் டேஞ்சர்ஃபீல்டின் நூல் இந்தப் பார்வையை வலுப்படுத்தியது. அவருக்கு இந்தப் போராட்டம் பெரும்பாலும் ஓர் உணர்ச்சிக் கொந்தளிப்பு. லாரா மேஹால், சாண்ட்ரா ஹோல்டன் முதலிய பிற்கால ஆய்வாளர்கள் இதை மறுத்து, போராட்டத்தின் அரசியல் தர்க்கத்தை வெளிக்கொணர்ந்தனர்.

இக்கட்டுரை அந்த மறுப்பின் வழியில் ஒரு குறிப்பிட்ட கேள்வியை எடுத்துக்கொள்கிறது: ஒரு போராட்ட முறை கைவிடப்பட்டு அடுத்தது ஏன் அந்தக் குறிப்பிட்ட வேளையில் வந்தது? ஒவ்வொரு திருப்பத்திலும் அரசு என்ன பதில் சொன்னது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அரசு அடைத்த வாசலே அடுத்த முறையின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. மனுக்களின் காலம்

1866 ஜூன் மாதம் எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் சுமார் 1,500 பெண்களின் கையொப்பம் கொண்ட மனுச் சுருளை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட் மில் வரும்வரை சுருளை வெளிப்படையாக வைத்திருக்கக் கூச்சப்பட்டு, அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேசைக்கடியில் அதை மறைத்துவைத்தார்கள். மறுஆண்டு சீர்திருத்த மசோதாவில் ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘நபர்’ என்று மாற்றும்படி மில் கொண்டுவந்த திருத்தம் 73க்கு 196 என்ற வாக்கில் தோற்றது.

அவையில் தோற்றதை நீதிமன்றத்தில் கேட்டுப் பார்த்தார்கள். மான்செஸ்டரில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரினார்கள். சட்டத்தில் ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 1850ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது என்பது அவர்களுடைய வாதம். 1868இல் ‘சார்ல்டன் எதிர் லிங்ஸ்’ வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரி கட்டும் கடமைக்குப் பெண்ணை உள்ளடக்கிய அதே ஆண்பால் சொல், வாக்குரிமைக்கு அவளை உள்ளடக்கவில்லை.

1870 முதல் தனிநபர் மசோதாக்கள் அடுத்தடுத்து வந்தன. 1897இல் ஒரு மசோதா இரண்டாம் வாசிப்பில் 71 வாக்கு வித்தியாசத்தில் வென்றும்கூடச் சட்டமாகவில்லை. அரசு நேரம் ஒதுக்காவிட்டால் எந்தத் தனிநபர் மசோதாவும் நகராது. அதே ஆண்டு மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் பெண் வாக்குரிமைச் சங்கங்களின் தேசிய ஒன்றியம் உருவானது. 1901இல் லங்காஷயர் பருத்தி ஆலைப் பெண்கள் 29,359 பேரின் கையொப்பத்துடன் ஒரு குழு லண்டன் வந்தது. எஸ்தர் ரோப்பரும் ஈவா கோர்-பூத்தும் ஆலை வாசல்களில் திரட்டிய கையொப்பங்கள் அவை. வாக்குரிமை வசதி படைத்த சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்ற ஏளனத்துக்கு அந்த மனுவே பதில். ஆனால் அவையிடமிருந்து அதற்குப் பதில் வரவில்லை.

2. அமைச்சரிடம் ஒரு கேள்வி

இந்த ஆலைப் பகுதியின் மையமான மான்செஸ்டரில்தான் 1903 அக்டோபர் 10 அன்று எமிலின் பேங்க்ஹர்ஸ்ட் தம் வீட்டில் பெண்கள் சமூக அரசியல் சங்கத்தைத் தொடங்கினார். தனிநபர் மசோதாவால் பயனில்லை, ஆளும் கட்சியின் அமைச்சரவையே மசோதா கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. எனவே இலக்கு மாறியது: ஆதரவு தரும் உறுப்பினரைத் தேடுவதை விட்டு, பதில் தர வேண்டிய அமைச்சரை மடக்குவது.

1905 அக்டோபர் 13 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் லிபரல் கட்சிக் கூட்டம். விரைவில் அமைச்சராகவிருந்த எட்வர்ட் கிரே மேடையில் இருந்தார். லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தால் பெண்களுக்கு வாக்குரிமை தருமா என்று எமிலினின் மகள் கிறிஸ்டபெல் பேங்க்ஹர்ஸ்டும் ஆலைத் தொழிலாளியான ஆனி கென்னியும் கேட்டார்கள். பதில் இல்லை, இருவரையும் வெளியே தள்ளினார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்டதற்காக மட்டும் சிறை கிடைக்காது என்று தெரிந்திருந்த கிறிஸ்டபெல், போலீஸ்காரர் மீது துப்பிக் கைதை வரவழைத்தார். அபராதம் கட்ட மறுத்தார்கள். கிறிஸ்டபெலுக்கு ஏழு நாள், ஆனி கென்னிக்கு மூன்று நாள் சிறை.

நாற்பதாண்டு மனுக்களுக்குக் கிடைக்காத பத்திரிகை இடம் அந்தப் பத்து நாள் சிறைக்குக் கிடைத்தது. அபராதத்தை விட்டுச் சிறையைத் தேர்ந்தெடுப்பது என்ற நுட்பம் இங்கிருந்தே தொடங்குகிறது. அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்ததாகிவிடும். சிறைக்குப் போனால் கேள்வி திறந்தே இருக்கும்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்ற முன்மண்டபத்தில் பெண்கள் கைதானபோது, தென்னாப்பிரிக்க இந்தியர் சார்பாக லண்டன் வந்திருந்த காந்தி அதைக் கவனித்தார். ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அவர்களை மெச்சி எழுதினார். 1909இல் மீண்டும் வந்தபோது வன்முறையின் பக்கம் சாய்ந்த முறைகளை அவர் ஏற்கவில்லை. அந்த மூன்றாண்டில் என்ன நடந்தது என்பதே அடுத்த பகுதிகளின் பொருள்.

3. கூட்டம் சேர்த்துக் காட்டுதல்

1907 பிப்ரவரியில் தேசிய ஒன்றியம் நடத்திய ஊர்வலத்தில் சுமார் 3,000 பெண்கள் மழையில், தெருச் சேற்றில் பாவாடை தோய நடந்தார்கள். ‘சேற்று ஊர்வலம்’ என்றே பெயர் நின்றுவிட்டது. மதிப்புள்ள குடும்பத்துப் பெண் தெருவில் முழக்க அட்டை ஏந்துவது அன்று பெரிய மீறல்.

1908 பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் மக்களவையில் பேசும்போது, ஆண்கள் வாக்குரிமை கேட்ட நாளில் பல்லாயிரக்கணக்கில் திரண்டு காட்டினார்கள், பெண்களும் அந்த வலிமையைக் காட்ட வேண்டும் என்ற பொருளில் சொன்னார். அமைச்சரின் இந்தப் பேச்சைச் சங்கம் சவாலாக எடுத்துக்கொண்டது. ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை சிறப்பு ரயில்களில் பல நகரங்களிலிருந்தும் பெண்கள் வந்திறங்கினர். ஊதா, வெள்ளை, பச்சை என எமிலின் பெதிக்-லாரன்ஸ் வகுத்த மூவண்ணத்தில் 30,000 பேர் ஏழு ஊர்வலங்களாக ஹைட் பார்க்குக்குள் நுழைந்தனர். வேடிக்கை பார்த்தவர்களையும் சேர்த்துக் கூட்டத்தின் மதிப்பீடு இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம்வரை போகிறது.

கூட்டத்தின் தீர்மானம் பிரதமர் ஆஸ்குவித்துக்கு அனுப்பப்பட்டது. முன்பு சொன்னதற்கு மேல் சேர்க்க எதுவுமில்லை என்று பதில் வந்தது. கூட்டம் நடந்து ஒன்பது நாள் கழித்து, ஜூன் 30 அன்று, மேரி லீயும் எடித் நியூவும் டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தார்கள். இது தலைமையின் கட்டளையால் நடந்ததன்று. தாங்களாகவே செய்துவிட்டு, தலைமை வேண்டுமானால் தங்களை மறுதலிக்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். எமிலின் பேங்க்ஹர்ஸ்ட் மறுதலிக்கவில்லை.

இதற்கு முந்தைய ஆண்டே சங்கம் பிளவுபட்டிருந்தது. தலைமையின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்து சார்லட் டெஸ்பார்ட், டெரசா பில்லிங்டன்-கிரெய்க் முதலியோர் பிரிந்து பெண்கள் விடுதலைக் கழகத்தைத் தொடங்கினார்கள். சட்டத்தை மீறலாம், பொருளைச் சேதப்படுத்த வேண்டாம் என்பது கழகத்தின் போக்கு. 1908 அக்டோபர் 28 அன்று கழகத்தைச் சேர்ந்த மியூரியல் மேட்டர்ஸும் ஹெலன் ஃபாக்ஸும் மக்களவையின் பெண்கள் மாடத்தை மறைத்த உலோகக் கிராதியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். பூட்டைத் திறக்க முடியாததால் கிராதியோடு சேர்த்தே அவர்களைப் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. அவைக்குள் பெண் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட தடுப்பு, அன்று அவர்களோடு வெளியே வந்தது.

4. மனு கொடுக்கும் உரிமை

1909இல் போராட்டம் மீண்டும் மனுவுக்கே திரும்பியது; ஆனால் இம்முறை கேட்டது மனு கொடுக்கும் உரிமையையே. மன்னரிடம் மனுச்செய்வது குடிமக்களின் உரிமை, அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம். மன்னரின் இடத்தில் இன்று பிரதமர் இருக்கிறார், ஆகவே அவர் எங்கள் தூதுக்குழுவைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று சங்கம் வாதிட்டது. ஜூன் மாதம் மேரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் அந்தச் சட்டத்தின் வாசகத்தை அச்சுக்கட்டையால் நாடாளுமன்ற வளாகச் சுவரில் பதித்துச் சிறை சென்றார். நாட்டின் சட்டத்தை நாட்டின் சட்டமன்றச் சுவரில் எழுதியது அவர் செய்த குற்றம்.

ஜூன் 29 அன்று எமிலின் பேங்க்ஹர்ஸ்ட் தலைமையில் போன தூதுக்குழுவை ஆஸ்குவித் சந்திக்க மறுத்தார். போலீஸாரின் தள்ளுமுள்ளுக்கு மணிக்கணக்கில் ஆளாகாமல் உடனே கைதாவதற்காக எமிலின், இன்ஸ்பெக்டர் ஜார்விஸின் கன்னத்தில் அறைந்தார். அன்றிரவு அரசு அலுவலகங்களில் எறியப்பட்ட கற்கள் காகிதத்தில் சுற்றப்பட்டு, கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. உள்ளே இருப்பவர் மேல் படக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. மனுக் கொடுக்கும் உரிமை உண்டு, நேரில் சந்திக்க வற்புறுத்தும் உரிமை இல்லை என்று டிசம்பரில் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் தீர்ப்பளித்தார். விடுதலைக் கழகத்துப் பெண்கள் பிரதமரிடம் மனுவை நேரில் தருவதற்காக அவை வாசலில் வாரக்கணக்கில் மௌனமாக நின்றும் பயனில்லை.

5. சிறைக்குள்

அக்காலப் பிரிட்டிஷ் சிறைகளில் மூன்று பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவு அரசியல் கைதிக்குரியது: சொந்த உடை, புத்தகம், பார்வையாளர். வாக்குரிமைப் பெண்களை இரண்டாம் பிரிவில், சாதாரணக் குற்றவாளிகளோடு வைத்தார்கள். தன்னை முதல் பிரிவில் வைக்கக் கோரி வாலஸ் டன்லப் ஜூலை 5 அன்று உணவை மறுத்தார். 91 மணி நேரத்துக்குப் பின் அரசு அவரை விடுவித்தது. இதையும் தலைமை திட்டமிடவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே அது எல்லாக் கைதிகளின் முறையாகியது.

செப்டம்பரில் பர்மிங்காமின் வின்சன் கிரீன் சிறையில் அரசு பதிலைத் தொடங்கியது: மேரி லீ முதலியோரைப் பிடித்து அழுத்தி, மூக்கு அல்லது வாய் வழியாகக் குழாய் செலுத்தி உணவூட்டினார்கள். 116 மருத்துவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ் அரசை ஆதரித்ததால் அதில் எழுதிவந்த பிரெயில்ஸ்ஃபோர்டும் நெவின்சனும் பதவி விலகினார்கள். மேரி லீ தொடுத்த வழக்கில், கைதியின் உயிரைக் காப்பது அதிகாரிகளின் கடமை என்று சொல்லி நீதிமன்றம் கட்டாய உணவூட்டலைச் சரியென்றது.

இந்த நடைமுறையின் வர்க்க முகத்தை வெளிப்படுத்தியவர் கான்ஸ்டன்ஸ் லிட்டன். இவர் இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் மகள். 1909 அக்டோபரில் நியூகாசில் சிறையில் உணவு மறுத்தபோது இதயக் கோளாறு என்று சொல்லி அவரை இரண்டே நாளில் விடுவித்தார்கள். 1910 ஜனவரியில் அவர் தலைமுடியைக் கத்தரித்து, ஜேன் வார்ட்டன் என்ற தையற்காரப் பெண்ணாக வேடமிட்டு லிவர்பூலில் கைதானார். வால்டன் சிறையில் அவருடைய இதயத்தைச் சோதிக்காமலேயே எட்டு முறை கட்டாய உணவு செலுத்தினார்கள். சீமாட்டிக்கு ஒரு மருத்துவம், தையற்காரிக்கு வேறு மருத்துவம் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. பின்னர் பக்கவாதத்தில் அவருடைய வலக்கை செயலிழந்தது. இடக்கையால் தம் சிறை அனுபவத்தை எழுதி 1914இல் வெளியிட்டார்.

1913 ஏப்ரலில் அரசு வேறு வழி கண்டது. உண்ணாவிரதத்தால் நலிந்தவரை விடுவித்து, தேறியதும் மீண்டும் சிறையிலடைக்கும் சட்டத்துக்குப் ‘பூனை–எலிச் சட்டம்’ என்று மக்கள் பெயரிட்டார்கள். இதற்கும் உடனே எதிர்முறை பிறந்தது: ஜுஜுட்சு கற்ற மெய்க்காவல் படை, மாறுவேடங்கள், ஒளிந்திருக்க வீடுகள். படைக்குப் பயிற்சி தந்தவர் எடித் கேரட்.

6. வரியும் கணக்கெடுப்பும்

தெருவுக்கு வர இயலாத, சிறைக்குப் போக விரும்பாத பெண்களுக்கும் ஒரு வழி இருந்தது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரியில்லை என்பது ஆங்கில அரசியல் மரபே பெருமையோடு சொல்லிக்கொண்ட கொள்கை. 1906இல் டோரா மாண்டிஃபியோர் வருமான வரி கட்ட மறுத்து, ஹேமர்ஸ்மித்தில் தம் வீட்டுக் கதவைத் தாழிட்டு ஜப்தி அதிகாரிகளை ஆறு வாரம் வெளியே நிறுத்தினார். 1909இல் பெண்கள் வரிமறுப்புக் கழகம் உருவானது. ஜப்தியான பொருள் ஏலத்துக்கு வரும் இடமெல்லாம் பொதுக்கூட்டமாயிற்று. பஞ்சாபின் கடைசி மன்னர் துலீப் சிங்கின் மகள் சோஃபியா, உரிமக் கட்டணமின்றி நாய்களும் வண்டியும் வேலையாளும் வைத்திருந்ததற்காக 1911இல் விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்டவில்லை. அவருடைய ஏழு கல் வைர மோதிரம் ஏலத்துக்கு வந்தபோது ஓவியர் லூயிஸ் ஜாப்லிங் ரோ அதை ஏலமெடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

சட்டத்தின் முரணை இதைவிடத் தெளிவாகக் காட்டியது வில்க்ஸ் தம்பதியின் வழக்கு. மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே என்றது 1882ஆம் ஆண்டுச் சட்டம். அவளுடைய வருமான வரிக்குக் கணவனே பொறுப்பு என்றது அன்றைய வரிச் சட்டம். மருத்துவரான எலிசபெத் வில்க்ஸ் வரி கட்ட மறுத்தார். பள்ளி ஆசிரியரான கணவர் மார்க் வில்க்ஸ் 1912இல் சிறைக்குப் போனார். மனைவியின் வருமானம் எவ்வளவு என்பதே அவருக்குத் தெரியாது.

1911 ஏப்ரல் 2 இரவு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பெண்கள் புறக்கணித்தார்கள். வீட்டில் இல்லாதிருக்க இரவெல்லாம் சறுக்கு விளையாட்டரங்கிலும் தெருவிலும் கழித்தார்கள். சிலர் படிவத்தில் தங்கள் எதிர்ப்பை எழுதித் தந்தார்கள். சங்கத்தைச் சேர்ந்த எமிலி டேவிசன் நாடாளுமன்றத்தின் நிலவறைத் தேவாலயத்தில் ஒளிந்திருந்தார். சட்டப்படி 5 பவுண்டு அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை விதிக்கலாம். ஆனால் பொறுப்பு அமைச்சர் ஜான் பர்ன்ஸ் யார் மீதும் வழக்குப் போடவில்லை. இந்த ஆய்வின் கருத்துக்கு இது மறுபக்கத்திலிருந்து வரும் முக்கியமான சான்று: அரசு தண்டிக்க மறுத்த இடத்தில் போராட்டம் அடுத்த படிக்கு ஏறவில்லை.

7. கண்ணாடியும் தீயும்

1910இல் பெரும்பாலான காலம் போர்நிறுத்தம் இருந்தது. எல்லாக் கட்சியினரும் சேர்ந்து தயாரித்த சமரச மசோதாவுக்கு அரசு நேரம் தரவில்லை என்று தெரிந்ததும், நவம்பர் 18 வெள்ளிக்கிழமை சுமார் 300 பெண்கள் நாடாளுமன்றம் நோக்கிச் சென்றார்கள். போலீஸார் கைது செய்யாமல் ஆறு மணி நேரம் அடித்தும் இழுத்தும் தள்ளியும் விட்டனர். திரட்டப்பட்ட 135 வாக்குமூலங்களில் 29 பாலியல் அத்துமீறலைக் குறிப்பிடுகின்றன. ‘கறுப்பு வெள்ளி’ என்று பெயர் பெற்ற அந்நாளுக்குப் பின் தூதுக்குழு என்ற முறையே ஆபத்தானதாயிற்று. ஜன்னலை உடைத்தால் ஒரு நொடியில் கைது. உடலைக் கூட்டத்திடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. 1911 நவம்பரிலும் 1912 மார்ச்சிலும் கைத்துணிக்குள் சுத்தியலை மறைத்துப் போய் லண்டன் கடைவீதிகளைப் பெண்கள் நொறுக்கியதில் இந்தக் கணக்கு இருந்தது.

1912 பிப்ரவரியில் அமைச்சர் ஹாப்ஹவுஸ் பிரிஸ்டலில் பேசினார். ஆண்களின் வாக்குரிமைக் கிளர்ச்சியில் நாட்டிங்காம் கோட்டை எரிந்தது. பெண்களிடம் அப்படியொரு மக்கள் எழுச்சி எங்கே என்பது அவர் பேச்சின் சாரம். நான்காண்டுக்கு முன் கிளாட்ஸ்டன் கூட்டத்தைக் கேட்டார், ஹைட் பார்க் நிரம்பியது. இப்போது ஹாப்ஹவுஸ் உதாரணம் காட்டியது தீயை. மார்ச் 28 அன்று சமரச மசோதா 14 வாக்கில் தோற்றது. தொடர்ந்த இரண்டாண்டுகளில் தபால் பெட்டிகள், ஆளில்லா மாளிகைகள், ரயில் நிலையங்கள் எரிந்தன. 1913 பிப்ரவரியில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. அதே ஆண்டு ஜூன் 4 அன்று எமிலி டேவிசன் எப்சம் பந்தயத்தில் மன்னரின் குதிரைக்கு முன் பாய்ந்து நான்கு நாள் கழித்து இறந்தார்.

முறையின் தர்க்கம் இங்கே நலிந்ததை மறைக்க வேண்டியதில்லை. மனு, வரி, சிறைப் பிரிவு ஆகியவை ஒவ்வொன்றும் தன் வடிவத்திலேயே ஒரு சட்டக் கேள்வியைச் சுமந்திருந்தன. எரிந்த வீடு அப்படி எதையும் சொல்லவில்லை. தபால்காரர்கள் காயமடைந்தார்கள். பெதிக்-லாரன்ஸ் தம்பதியர் இந்தப் போக்கை ஏற்காததால் 1912 அக்டோபரில் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். மறுபக்கம், தேசிய ஒன்றியம் 50,000க்கு மேற்பட்ட உறுப்பினர்களோடு வளர்ந்து, 1912இல் தொழிற்கட்சியோடு தேர்தல் உடன்பாடு செய்துகொண்டது. 1913 கோடையில் நாடெங்குமிருந்து லண்டனுக்கு நடைப்பயணம் நடத்தியது.

1914 ஜூனில் எமிலினின் மற்றொரு மகள் சில்வியா பேங்க்ஹர்ஸ்ட் உண்ணாவிரதத்தால் நலிந்த உடலோடு நாடாளுமன்ற வாசலில் கிடந்து, கிழக்கு லண்டன் தொழிலாளிப் பெண்களைப் பிரதமர் சந்திக்கும்வரை எழுவதில்லை என்றார். ஆஸ்குவித் ஆறு பெண்களைச் சந்தித்தார். 1909இல் மறுத்ததை ஐந்தாண்டு கழித்துச் செய்தார். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சிறை கண்டிருந்தார்கள். ஆகஸ்டில் போர் மூண்டது, போராட்டம் நின்றது. 1918 பிப்ரவரியில் சொத்துத் தகுதியோடு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக 21 வயதிலும் வாக்குரிமை வந்தது.

8. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, புதிய முறைகள் அரசின் மறுப்பை ஒட்டியே பிறந்தன. மறுப்போ தண்டனையோ இல்லாத இடத்தில் அவை வளரவில்லை. இரண்டாவது, கல்லும் உண்ணாவிரதமும் தலைமையின் திட்டத்தில் இல்லாதவை. தனிப் பெண்கள் தொடங்கியதைத் தலைமை பின்னர் ஏற்றுக்கொண்டது. தளபதிக்குக் கட்டுப்பட்ட படை என்று சங்கம் தன்னைக் காட்டிக்கொண்டாலும், முறைகள் கீழிருந்தே வந்தன. மூன்றாவது, போராட்ட முறையைப் போராடியவரின் சுபாவத்தால் விளக்க முடியாது.

மூன்றாவது முடிவுக்குச் சென்னையே சாட்சி. அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தை 1908இல் தோற்றுவித்தவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், 1910இல் டவுனிங் தெருவில் ஜன்னல் உடைத்து ஹாலோவே சிறைக்கும், 1913இல் டப்ளின் கோட்டையில் ஜன்னல் உடைத்துத் துல்லமோர் சிறைக்கும் போனவர்; அங்கே அரசியல் கைதிக்குரிய நடத்தை கேட்டு உண்ணாவிரதமும் இருந்தார். 1915இல் இந்தியா வந்த அதே பெண், 1917 மே மாதம் அடையாறில் டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் முதலியோருடன் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார். டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு சென்னையில் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டையும் சந்தித்துக் கோரிக்கை மனு அளித்தது. குழுவுக்கு ஏற்பாடு செய்தவர் கசின்ஸ். அமைச்சர் சந்தித்தார், மனுவை வாங்கிக்கொண்டார். முடிவு மாகாணச் சட்டமன்றங்களுக்கு விடப்பட, 1921இல் சென்னை மாகாணம் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. ஒரு கண்ணாடியும் உடையவில்லை. 1932இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக அரசு கசின்ஸைத் தண்டித்தபோது, ஜாமீன் கொடுத்து வெளியே வராமல் வேலூர் பெண்கள் சிறைக்குப் போனார்.

லண்டனிலும் டப்ளினிலும் கல்லெடுத்தவர், சென்னையில் மனு எழுதினார், மனுவுக்கு இடமில்லாத காலத்தில் மீண்டும் சிறையைத் தேர்ந்தெடுத்தார். மாறியது அவருடைய சுபாவமன்று. எதிரே இருந்த அரசின் நடத்தை. எனவே பெண் வாக்குரிமைப் போராட்டத்தின் வன்முறையை ஆராய்பவர் சிறைப் பதிவேடுகளைப் புரட்டுவதோடு நிற்காமல், அமைச்சரவை எந்தெந்த மனுவுக்கு எப்போது பதில் மறுத்தது என்ற கோப்புகளையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும்.